மாற்று சிகிச்சைக்குப் பின் தொடையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (கொடையாளர் தரும் ரத்த மூல செல்களை நோயாளிக்கு ஏற்றுவது) வெற்றி என்று வரும் செய்திகள், நோயாளி வீடு திரும்புவதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள்.

கொடையாளரின் செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாக எண்ணித் தாக்கினால், அதை அடக்க ஸ்டீராய்டு தருவார்கள். தவிர்க்க முடியாத மருந்துதான். ஆனால் வாரக்கணக்கில் அதிக அளவில் எடுத்தால் தொடையும் இடுப்பும்தான் முதலில் இளைக்கும். சமதரையில் நன்றாக நடப்பவர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பார். 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று வீட்டார் விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் தசையும் போய்விடும்.

நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 30 வினாடியில் எத்தனை முறை என்று வாரம் ஒருநாள் குறித்து வையுங்கள். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். காய்ச்சலோ ரத்தக்கசிவோ இருக்கும் நாளில் பயிற்சி கூடாது. ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 20,000க்குக் கீழே இருந்தால் எடை தூக்குவதும் ரப்பர் பட்டை இழுப்பதும் பொதுவாக வேண்டாம்.

படியேறினால் மூச்சு வாங்குவதையும் பலர் பலவீனம் என்றே தள்ளிவிடுகிறார்கள். கொடையாளர் செல்களின் அதே தாக்குதல் நுரையீரலின் சிறு குழாய்களைச் சுருக்குவதாலும் அப்படி ஆகலாம். சுருங்கியது பெரும்பாலும் திரும்ப விரியாது. ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்தத் தாக்குதலை அடக்கும் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் நாளில் முதலில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பிறகுதான் அந்த மருந்தின் காலை மாத்திரை. மாத்திரை போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் தாக்குதல் மறுபடி தலைதூக்கும்.

38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் என்றால், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், குளிர்நடுக்கம் மட்டும் வந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

குழந்தைப் பருவத் தடுப்பூசிகளின் பாதுகாப்பும் போய்விடுவதால் அவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசி மட்டும் மாற்று சிகிச்சை முடிந்து 2 ஆண்டு ஆகும் முன் கூடாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதற்குப் பிறகும் கூடாது. வேறு மருத்துவமனையில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவற்றை ஒரே தாளில் அச்சிட்டு, முதல் பிசியோதெரபி தேதியையும் எழுதி, டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு மருத்துவமனைகள் தர வேண்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய் மறுவாழ்வுப் பணியாளர்கள்