55 அங்குலப் பெட்டியும் நானும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் 'மூன்று நாள், ஒரே பை' என்ற கட்டுரையைப் படித்தேன். விமானத்தில் டெல்லி போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு யோசனைகள். சரி, நல்ல விஷயம்தானே என்று படித்துக்கொண்டே வந்தால் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி: “இதற்கு மேல் தூக்குகிறவர்கள் சுற்றுலா போகவில்லை, வீட்டைக் காலி செய்கிறார்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்கள் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும்.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். மனசு வைக்க வேண்டுமாம்.

ஐயா, முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனசைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் கணக்கைப் பார்ப்போம். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோ. தங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கட்டுரையாளர் நாலு சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வாங்கச் சொல்கிறார். என்னிடம் இருப்பதும் அதுதான், மகன் வாங்கிக் கொடுத்தது. காலிப் பெட்டியின் எடை 2.6 கிலோ. அனுமதித்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டியே தின்றுவிடுகிறது. அதற்கும் பெண்கள்தான் மனசு வைக்க வேண்டுமா?

துணிகளை மடிக்காமல் சுருட்டி வைத்தால் பாரம் குறையுமாம். சுருட்டினால் இடம்தான் குறையும், எடை எப்படிக் குறையும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். கட்டுரையாளர் சுருட்டியது இரண்டு டி-ஷர்ட். ஐந்தரை மீட்டர் சேலையைச் சுருட்டி, டெல்லியில் அதைப் பிரித்து இஸ்திரிப் பெட்டி இல்லாமல் கட்டிப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம்.

போன ஜனவரியில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று நாள் டெல்லி போய் வந்தோம். டிக்கெட் எடுத்தது மகன். 2021இல் கவுண்டரில் ஒப்படைக்கிற செக்-இன் பெட்டி இல்லாதவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்க விமானக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள் அல்லவா, அந்த வகை டிக்கெட். “மூணு நாளுக்கு எதுக்கும்மா பதினஞ்சு கிலோ? கையில கொண்டுபோறதே போதும்” என்று அவனே முடிவு செய்துவிட்டான். அவனும் உங்கள் கட்டுரையாளர் கட்சிதான்.

என் வீட்டுக்காரருக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். முதுகுப்பையில் மூன்று கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே அவருடைய மிச்சச் சாமான்கள் என் பெட்டிக்கு வந்தன. இன்சுலின் பேனா, அதற்குக் குளிர்ச்சிப் பை, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரை டப்பா எல்லாம் சேர்த்து 900 கிராம். பணம் கட்டிப் பெரிய பெட்டி போட்டிருந்தாலும் இன்சுலினைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும். விமானத்தின் அடியில் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அப்புறம் அவருடைய கம்பளிச் சட்டையும் சால்வையும் 1.6 கிலோ. மீதி என்னுடையது: இரண்டு சின்தெடிக் சேலை, நைட்டி, உள்ளாடைகள், சீப்பு, கண்ணாடிக் கூடு. அதுவும் 1.6 கிலோ. கூட்டிப் பாருங்கள், 6.7 வரும்.

வீட்டில் எடை பார்ப்பதற்கு எனக்கு ஒரு வழி உண்டு. முதலில் நான் மட்டும் எடை மெஷினில் ஏறுவேன். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். கழித்தால் பெட்டியின் எடை. குனிந்தால் முள் ஆடும் என்பதால் வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அதை எதிர்வீடு வரை கேட்கிற மாதிரி சொல்வார்.

எதிர்வீட்டு அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆட்டோ கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். “டெல்லியில எம் மகனுக்கு டீச்சர். கொஞ்சம் மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், பருப்புப் பொடி. வெயிட்டே இருக்காது.” வெயிட்டே இல்லாத அந்தப் பொட்டலம் 900 கிராம். பத்து வருஷமாக நாங்கள் ஊரில் இல்லாதபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மா அவர். அவரிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு யோசனை எழுதியிருந்தால் கத்தரித்து வைத்துக்கொண்டிருப்பேன்.

விமான நிலையக் கவுண்டரில் 7.6 காட்டியது. அந்தப் பெண் நல்ல பெண்தான், “அங்கிள் பையில கொஞ்சம் மாத்திக்கோங்க ஆன்ட்டி” என்றது. அங்கிள் கழுத்தைத் தடவிக்கொண்டார். நான் பெட்டியைத் தரையில் மல்லாத்தி, வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்க, அவருடைய கம்பளிச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டேன். மறுபடி வைத்தால் 6.8. மதுரையில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையில் நின்றேன். சட்டைக்குச் சொந்தக்காரர் அரைக்கைச் சட்டையில் நின்று போர்டிங் பாஸால் எனக்கு விசிறினார். 'கனமான உடைகளை அணிந்துகொண்டே செல்லுங்கள்' என்பதைக் கட்டுரையில் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

'கம்பளி உடைகளை டெல்லியிலேயே வாங்கிக்கொள்ளலாம், சரோஜினி நகரில் மலிவு' என்று இன்னொரு யோசனை. மலிவுதான், நான் மறுக்கவில்லை. நாங்கள் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணிக்கு. வெளியே வந்தால் மூச்சு விடும்போது வாயிலிருந்து புகை. அந்த நேரத்தில் எந்த மார்க்கெட் திறந்திருக்கும்? விடிந்தால் திங்கட்கிழமை, சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு வார விடுமுறை. கரோல் பாகுக்கும் அதே கிழமைதான். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் பூராவும் நடுங்கிக்கொண்டே சுற்றியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கிளம்பும் முன்பு இதே இணைப்பில் வந்த 'டெல்லி: நாள்வாரியாக' பக்கத்தைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். அதில் முதல் நாள் திங்கள், செங்கோட்டை என்று இருந்தது. செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை! வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஊர் வந்ததும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் குறுக்கெழுத்துப் போட்டியைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்திருந்தன.

தேங்காயைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் உடைப்பதாக வேண்டிக்கொண்ட தேங்காயை என் கைப்பையில் வைத்திருந்தேன். பாதுகாப்புப் பரிசோதனையில் எடுத்துவிட்டார்கள். விதி அப்படி, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்கள் மட்டும் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள், 2025 ஜனவரி 20 வரை. ஐயப்பனுக்குக் கேட்க ஆள் இருந்தது, முருகனுக்கு இல்லை. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் கோயில் குளம் என்று போகிறவர்கள். அவர்களுக்கு எழுதும் கட்டுரையில் நெக் பில்லோவுக்கு ஒரு பத்தி இருக்கிறது, தேங்காய்க்கு ஒரு வரி இல்லை. கட்டுரைக்குப் போட்ட படத்திலும் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பையன்!

1989இல் நாங்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லி போனோம். ஹோல்டால், கூஜா, இரண்டு டிரங்க் பெட்டி, புளியோதரைத் தூக்கு என்று மொத்தம் ஒன்பது உருப்படி. ஸ்லீப்பரில் சாமானை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அப்போதும் பெரிய ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது நான்தான். மற்றவர்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தார்கள். உங்கள் கட்டுரையாளர் எந்த ஜன்னல் ஓரத்தில் வளர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய மாத்திரையையும் மப்ளரையும் வேறு யாரோ ஒருத்தர் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார் என்று அடித்துச் சொல்வேன்.

போகட்டும். நான் கேட்க வந்தது சின்ன விஷயம். கட்டுரையில் பெட்டியின் அளவை 55 × 35 × 25 அங்குலம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர் வரும், அதுதான் வரம்பு. 55 அங்குலத்தில் ஒரு பெட்டி கிடைத்தால் எனக்கு டிக்கெட்டே வேண்டாம். என் உயரம் நாலடி பத்தங்குலம். கொஞ்சம் முட்டியை மடக்கி உள்ளேயே படுத்துக்கொள்வேன், வீட்டுக்காரர் உருட்டிக்கொண்டு போகலாம்.

தயவுசெய்து வரும் ஞாயிறு இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். 7 கிலோ பைக்கு மேல் பெண்கள் ஒரு கைப்பையோ, மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அந்தப் பையோ தனியாகக் கொண்டுபோகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. பவர் பேங்கைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது என்பதற்கும் ஒரு வரி. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கத்தரித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். கட்டுரையாளர் திருத்தத்தில் ஏதாவது சொல்ல விரும்பினால், அவருடைய பையை அடுக்கியது யார் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷமாகச் சந்தா கட்டும் ஒரு வாசகி,
மதுரை – 9

பின்குறிப்பு: தை பிறந்ததும் மறுபடி போகிறோம், தேங்காய்க் கடன் பாக்கி இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் திருத்தம் வந்தால் நல்லது.