சோமசெற் காருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

நீ அனுப்பிய பழைய கார்ப் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் பார்த்தது காணாதென்று மகளின் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டுக்காரியும் பக்கத்தில் வந்து இருந்துவிட்டாள். படத்துக்கு ஒரு கதை எழும்ப, அன்று இரவுச் சாப்பாடு நன்றாய்ப் பிந்திப் போனது. கிடைத்தது என்று ஒரு வரி போட்டுவிட்டு இருக்க மனம் வரவில்லை. அதுதான் ஆறுதலாய் இருந்து எழுதுகிறேன்.

இங்கே பருத்தித்துறையில் எல்லோரும் சுகம். மாரி இந்த முறை நன்றாய்ப் பெய்து கிணறு நிரம்பி நிற்கிறது. எனக்கு முழங்கால் நோ பனிக்காலத்தில் கொஞ்சம் கூட, மற்றும்படி குறை ஒன்றும் இல்லை. பேரன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கார் என்றால் அவனுக்கும் உயிர், ஆனால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜப்பான் கார்கள்தான்.

சரி, படங்களுக்கு வருவோம். உன் பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றைப் பார்த்ததும் அதன் உறுமல் காதில் கேட்டது. மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊருக்கு வந்தவர் வாங்கிய கார் அல்லவா. பொனற்றில் ஒரு கை, பம்பரில் ஒரு கால், தோளில் மடித்த சால்வை. அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் படத்துக்கு நின்றார்கள். இங்கிலாந்தில் அந்தக் காரை 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் அது அரை நூற்றாண்டு ஓடியது. அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. இடையில் இருந்த காலம் முழுக்க, ஐம்பதுகளில் கப்பலில் வந்து இறங்கிய கார்களையே திருத்தித் திருத்தி ஓடவேண்டியிருந்தது. எங்கள் மெக்கானிக்மாரின் கைத்திறன் அந்த இல்லாமையில் வளர்ந்தது என்று நான் உறுதியாய் நம்புகிறேன்.

எந்த ஆண்டு எடுத்த படம் என்று கேட்டிருந்தாய். நம்பர் தகட்டைப் பார். ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கின்றன, ஸ்ரீ இல்லை. ஆகவே கார் 1957க்கு முன்னம் பதிந்தது. படம் அதற்குக் கொஞ்சம் பிந்தியது. பின்னால் உன் அக்கா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கிறா, அவ வளர்ந்திருக்கிற வளர்த்தியைப் பார்த்தால் அறுபதுகளின் தொடக்கமாய் இருக்கவேண்டும். 1957இல்தான் நம்பர் தகடுகளில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ வந்தது. 1958 தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி, அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் எதிர்ப்பாய் அதன்மேல் தார் பூசிய கதையை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பலர் தங்கள் கார்களில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடினார்களாம். தமிழ் ஸ்ரீ தெரிகிற மாதிரி ஒரு படம் உன் பெட்டிகளில் எங்கேயாவது கிடந்தால் அது பெரிய பொருள், பத்திரமாய் வை.

இன்னொன்றைக் கவனித்தாயா? கதவுத் தூணில் சின்னதாய் ஒரு நீளப் பிளவு தெரிகிறது. சிக்னல் போட்டால் அதற்குள் இருந்து டக்கென்று ஒரு கை வெளியே வந்து மஞ்சளாய் எரியும், திரும்பி முடிந்ததும் மடிந்து உள்ளே போகும். பெரியப்பா கோயிலுக்குள் போன நேரம் பார்த்து நாங்கள் அதை நகத்தால் கிளப்பி விளையாடுவோம். இப்போதைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பேரனுக்குப் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினேன்.

மொறிஸ் மைனர் படம் அவ்வளவு தெளிவில்லை. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாய் இருக்கிறது, அதனால் அது 1956க்குள் செய்த வண்டி. பின்னால் வந்தவற்றுக்கு ஒற்றைக் கண்ணாடி. அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கடைசி நேரத்தில் அகலம் போதாதென்று மாதிரி வண்டியை நடுவால் அறுத்து நாலு அங்குலம் கூட்டினாராம். பம்பர் அதற்கு முன்னமே செய்தாயிற்று. அதையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு வைத்து ஒட்டிவிட்டார்கள். முதலில் வந்த மைனர்களில் அந்த ஒட்டு தெரியும். ஒரு தொழிற்சாலையே எங்கள் சந்திக் கராஜ் மாதிரி யோசித்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

ஆனால் எல்லாப் படங்களிலும் என் மனதைப் பிடித்தது தட்டிவான்தான். கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் ஓடினது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாய்த் தெரியும். எஞ்சினும் சேசிசும் மட்டும் சீமையில் இருந்து வந்தவை. மேலே இருக்கிற உடம்பு முழுக்க எங்கள் தச்சர்மாரின் மரவேலை. கண்ணாடி யன்னல் கிடையாது, பக்கங்கள் திறந்தபடி, உள்ளே பலகை வாங்கு. பின்பக்கத் தட்டியைச் சங்கிலியில் இறக்கிவிட்டால் அதிலே வெங்காய மூட்டை, வாழைக்குலை, தேங்காய், மீன் கூடை எல்லாம் ஏறும். கூரையில் சைக்கிள். மிச்ச இடத்தில் ஆட்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்ப் புதினம் முழுவதையும் இறங்குவதற்குள் கதைத்து முடித்துவிடுவார்கள். மனிதருக்கு வேறு, சாமானுக்கு வேறு வண்டி தேவையில்லை என்று நினைத்துச் செய்த வாகனம் அது. தோட்டக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை இன்றைக்கும் நான் காணவில்லை. நீ அனுப்பிய படத்தில் தட்டியில் இருக்கிற பொடியன் யார்? சிரிப்பைப் பார்த்தால் உன் தம்பி மாதிரி இருக்கிறது.

நீ 1983க்குப் பிறகு போய்விட்டாய். அதனால் இந்தக் கார்களின் இரண்டாவது வாழ்க்கையை நீ காணவில்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினதோடு பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை. புது வாகனங்கள் எல்லாம் வீட்டுக்குள் முடங்கிப்போயின. ஓடினது இந்தக் கிழட்டு ஒஸ்ரினும் மொறிசும்தான், அதுவும் மண்ணெண்ணெயில். கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணவேண்டும். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால்தான் அந்த மட்டமான எரிபொருளையும் சகித்துக்கொண்டன. சும்மா சகிக்கவில்லை. பிளக்கில் கரி பிடிக்கும், மண்ணெண்ணெய் கீழே கசிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கப்பண்ணும், அடிக்கடி மாற்றவேண்டும். ஒயிலுக்கு எங்கே போவது? இருந்தும் ஓட்டினார்கள். வீதி முழுக்க அந்தப் புகை மணம். இரவில் பிள்ளைப்பேற்றுக்குப் போன எத்தனை பேரை அந்த ஹயர் கார்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தன தெரியுமா? என் இளையவள் பிறக்கவும் ஒரு ஏ40இல்தான் போனோம். மழை இரவு, லைற் ஒன்றுதான் எரிந்தது, ஓட்டினவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில் எடுத்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை. பிலிம் ரோல் கிடைப்பதே கடினம். அதற்கு முன்னம் எடுத்தவையும் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது மாமி வீட்டு அல்பங்கள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. இங்கே அப்படி ஒரு படமும் மிஞ்சாத வீடுகள் கனக்க.

உன் படங்களைப் பார்க்கையில் எனக்கு ஓடிய யோசனை இதுதான். ஊரில் வைத்திருந்தவை போய்விட்டன, தபாலில் வெளியே அனுப்பியவை தப்பிவிட்டன. லண்டனில் படித்த மகனுக்கு, கோலாலம்பூரில் இருந்த தமையனுக்கு, ‘கார் வாங்கியிருக்கிறோம், பார்’ என்று கடித உறைக்குள் மடித்து வைத்து அனுப்பிய படங்கள். பெருமைக்குத்தான் அனுப்பினார்கள், அதில் என்ன பிழை? காரைக் காட்ட எடுத்த படத்தில் பின்னால் வீட்டு வாசல் இருக்கிறது, கிடுகு வேலி இருக்கிறது, வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆச்சி இருக்கிறா. அவவுக்கென்று தனியாய் ஒரு படம் யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். கார் இல்லாவிட்டால் அவவின் முகமே எங்களுக்குக் கிடைத்திராது. அந்தத் தலைவாசலும் இன்று இல்லை, நான் போய்ப் பார்த்தேன். அத்திவாரம் மட்டும் கிடக்கிறது, அதற்குள் வேப்பமரம் ஒன்று முளைத்து வளர்ந்துவிட்டது.

2002இல் சண்டை நின்று தெற்குக்குப் போகிற பாதை திறந்த பிறகு தெற்கில் இருந்து ஆட்கள் வந்து பழைய கார்களை விலை பேசி வாங்கிப் போனார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லமாட்டேன், கூரை போடக் காசு வேண்டியிருந்தது. பெரியப்பாவின் சோமசெற் கடைசியாக எவர் கைக்குப் போனது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நல்லூர்ப் பக்கம் கராஜ் வைத்திருந்த ஒருவருக்குத் தெரியும் என்கிறார்கள். அடுத்த கிழமை போய்க் கேட்பேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. படங்களின் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கான் பண்ணியிருக்கிறாய். பின்பக்கத்தையும் அனுப்பு. ஸ்ரூடியோ முத்திரை, திகதி, நீலமையில் எழுதின பெயர்கள் இருக்கும். பெயர் இல்லாத படங்களை அக்காவுக்குக் காட்டிக் கேள். அவவுக்குத்தான் இன்னும் எல்லாம் ஞாபகம், அதனால் தள்ளிப்போடாதே. நானும் இங்கே ஊரில் மிஞ்சியிருக்கிற வயதானவர்களிடம் காட்டி, தெரிந்த பெயர்களைக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். தட்டிவான் படத்தை இன்னும் பெரிதாய் ஒருக்கால் ஸ்கான் பண்ணு, பக்கப் பலகையில் ஏதோ எழுதியிருக்கிறது, வாசிக்க முடியவில்லை.

அக்காவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்,
பருத்தித்துறையில் இருந்து