2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தோட்டங்களிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் இலங்கையின் இந்த மலைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்த வருடம் இது. தலைமன்னாரில் ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் நம் அங்கத்தவர்கள் சிலரும் நடந்தார்கள். பாட்டன் பூட்டன் காட்டு வழியே நடந்து வந்த தடம் அது. வழியிலேயே செத்துப்போனவர்கள் எத்தனை பேரென்று யாரும் முழுதாக எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் தொடரக்கூடாது என்பதால்தான் இவ்வருட வேலையில் பெரும்பகுதியை லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், கணக்கெடுப்புக்கே கொடுத்தோம்.

பெப்ரவரி 1ஆம் திகதி ஜெனிவாவில் இலங்கை பற்றிய உலகளாவிய காலமுறை மீளாய்வு நடந்தது. ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை ஐ.நா.வில் மற்ற நாடுகள் பார்ப்பதுதான் அது. நாலரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா நாடுகளுக்கும் வரும் முறை இது. மூன்றரை மணி நேரம் மற்ற நாடுகள் கேள்வி கேட்கும், பரிந்துரை சொல்லும். எதை ஏற்கிறோம், எதைக் கவனத்தில் மட்டும் கொள்கிறோம் என்று அரசாங்கம் பதில் தர வேண்டும். ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை அந்த மீளாய்வின் முடிவை ஏற்றுக்கொண்டது. மார்ச் மாதம், பேரவையிலிருந்து வேறான, நிபுணர்களைக் கொண்ட மனித உரிமைகள் குழுவும் இலங்கையை விசாரித்தது. சிறுபான்மையினர் தம் மொழியையும் பண்பாட்டையும் மதத்தையும் பேணும் உரிமையைச் சொல்லும் 27ஆம் உறுப்புரை அந்தக் குழு கவனிக்கும் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில்தான் இருக்கிறது.

சரி, இதனால் லயத்துக்கு என்ன வந்தது என்று ஒரு அக்கா கூட்டத்திலேயே கேட்டார். நியாயமான கேள்வி. கூரைத் தகடு ஒன்றுகூட ஜெனிவாவிலிருந்து வராது. ஆனால் 2021 கடைசியில் நவீன அடிமைத்தனம் பற்றி ஆராயும் ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா இங்கே வந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், அதாவது லயத்து அறையில், ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருப்பதைச் சொன்னார். நவீன அடிமைத்தனத்துக்கு இங்கே ஓர் இன முகம் இருக்கிறது என்றும் சொன்னார். அவருடைய அறிக்கை 2022இல் பேரவைக்குப் போனது. நாங்கள் வாயால் சொன்னால் குறை. அவர் எழுதினால் ஆவணம். அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் பேசும்போது பதில் வேறு மாதிரி வருகிறது. இதை இந்த வருடம் நாங்களே பார்த்தோம்.

கணக்கெடுப்பில் முதல் சுற்று வீணானது. அதற்கு நானே பொறுப்பு. படிவங்களில் "வசதி இல்லை", "மிகவும் கஷ்டம்" என்று எழுதிக்கொண்டு வந்தோம். அதை வைத்து எவரும் எதையும் நிரூபிக்க முடியாது. அந்த ஐ.நா. மீளாய்வுக்குத் தனி அமைப்பு அனுப்பும் அறிக்கைக்கு எல்லை 2,815 சொற்கள்தான், கூட்டறிக்கை என்றால் 5,630. அதில் கஷ்டம் என்ற சொல்லுக்கு இடமில்லை. அப்புறம் அளவுநாடாவோடு மறுபடி போனோம். காம்பராவின் நீளம், அகலம், இரவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் எத்தனை அடி தூரத்தில், கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று. பெயர்களுக்குப் பதில் இலக்கம் போட்டோம். தோட்டத்து மேலாளரான துரைக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தவர்கள் அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

ஒரு காம்பராவில் எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் பிஸ்கட் டின்னிலிருந்து தன் பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். ஆச்சியின் அண்ணன் அந்தப் பக்கம், ஆச்சி இந்தப் பக்கம். மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அந்தப் பதிவுக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு உதவியது. படிவத்தை மகன் நிரப்பியதை ஆச்சி நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

தபால் பிரச்சினை இன்னும் தீரவில்லை. தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகிறது. நம் பகுதியில் ஒரு பிள்ளைக்கு வேலை நேர்முகக் கடிதம் நாள் கடந்த பிறகு கைக்கு வந்தது. இப்படி எழுத்தில் கிடைத்தவற்றைத் தனிக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். ஆகவே லயங்களுக்கு இலக்கமிடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். படிவங்களைப் பிரதியெடுக்கப் பணம் கொடுத்த ஆசிரியர்களுக்கும், தேநீர் போட்டுக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கும் நன்றி.

விட்டுப்போன மூன்று தோட்டப் பிரிவுகளின் அளவெடுப்பை மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் வீட்டில் அளவுநாடா இருந்தால் எடுத்து வாருங்கள். சங்கத்தில் இரண்டுதான் இருக்கின்றன.

செயலாளர்