தேர்ந்தெடுத்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கலிஃபோர்னியா சீனர்கள் கட்டுரையில், "ரயில் பாதை முடிந்ததும் சீனர்கள் சலவைத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று ஒரு வரி. தேர்ந்தெடுக்க அவர்களை யார் விட்டார்கள்?

முதலில் தங்கச் சுரங்கத்தைப் பாருங்கள். 1850-ல் அயல்நாட்டுச் சுரங்கக்காரர் வரி மாதம் 20 டாலர். 1852-ல் அது 3 டாலராகத் திரும்பி வந்து, பெரும்பாலும் சீனர் தலையிலேயே விழுந்தது. 1854-ல் வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி செல்லாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். தோண்டிய இடத்தை வெள்ளையர் பிடுங்கிக்கொண்டாலும் நீதிமன்றத்தில் சொல்ல வாயில்லை.

சலவையிலும் விடவில்லை. 1880-ல் சான் பிரான்சிஸ்கோவில், மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. சுமார் 320 கடைகளில் 310 மரக்கட்டடம். அனுமதி கேட்ட 200 சீனர்களில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 1886-ல் 'யிக் வோ' என்ற சலவைக்கடை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பாரபட்சத்தைக் கண்டித்த பிறகுதான் வழி பிறந்தது. இது தாங்களும் அறிந்த வழக்குதான்.

"சீனக் கூலிகள்" என்று தங்கள் இதழ் தொடர்ந்து எழுதுவதும் வருத்தம் தருகிறது. நம் ஊரில் கூலி என்றால் உழைப்புக்கான ஊதியம். அங்கே அந்தச் சொல் கொத்தடிமை என்ற பொருளில் வீசப்பட்ட வசை. கலிஃபோர்னியா வந்தவர்களில் பெரும்பாலோர் கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று, சம்பளத்திலிருந்து அடைத்தவர்கள். 1867 ஜூனில் சியரா மலையில் ரயில் பாதை போட்டவர்கள் மாதம் 40 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயில் கம்பெனி உணவை நிறுத்தித்தான் அதை முறித்தது.

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்று டெல்டா பற்றி ஒரு வரிகூட இல்லை. கோரை மண்டிய சதுப்பை மண்வெட்டியால் வெட்டி, கட்டிகளாக அடுக்கிக் கரை எழுப்பியவர்கள் சீனர்கள். அந்த மண் மக்கிய கோரை. காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வெள்ளம் வந்தால் உடையும். உடைந்த கரையைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். குதிரை புதையாமலிருக்கக் குளம்பில் அகலமான லாடம் மாட்டினார்கள்.

அந்த டெல்டாவில் உள்ள லாக் ஊரின் படத்துக்குக் கீழே "சீனர்கள் நிலம் வாங்கிக் கட்டிய ஊர்" என்று போட்டிருக்கிறீர்கள். வால்நட் குரோவ் சீனர் குடியிருப்பு எரிந்த பின், 1915-ல் உருவான ஊர் அது. சீனர்களைப் போலக் குடியுரிமை பெற முடியாத வெளிநாட்டவர் நிலம் வாங்க 1913 சட்டம் தடை விதித்திருந்தது. லாக் குடும்பத்தாரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்தான் வீடு கட்டினார்கள். வீடு அவர்களுடையது, அடிமனை அவர்களுடையதல்ல. அது குடியிருப்போர் கைக்கு வந்தது 2004-ல்.

அடுத்த இணைப்பில் "தேர்ந்தெடுத்தார்கள்" என்பதைத் "தள்ளப்பட்டார்கள்" என்று திருத்தி, அந்தப் படக்குறிப்பையும் மாற்றி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்