கொதிக்க வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கோடை வந்தால் சென்னைப் புறநகரில் பலருக்கும் லாரித் தண்ணீரும் போர்வெல்லும்தான் கதி. 2019-இல் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டபோது நகரமே அப்படித்தான் சமாளித்தது. அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, லாரியின் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் கிடைத்ததே பெரிது என்ற நிலையில் எப்படிக் கேட்பார்கள்?

எதுவானாலும் கொதிக்க வைத்துக் குடித்தால் சரி என்று பலர் நம்புகிறார்கள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் நன்றாகக் கொதித்தால் சாகும், உண்மைதான். ஆனால் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளூரைடு, நைட்ரேட் போன்ற உப்புகள் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை படியும். மிக அதிகமானால் எலும்பும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அப்புறம், நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும்.

தண்ணீர் லாரிகள் தங்கள் கிணற்று நீரின் பரிசோதனை முடிவை வண்டியிலேயே ஒட்டி வைக்கச் சட்டம் வேண்டும். கோடைக்கு முன்பே வார்டுதோறும் போர்வெல் நீரை இலவசமாகச் சோதித்துத் தர உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும்.

ஒரு வாசகர்,
மேடவாக்கம்