அலையேறிய சித்தப்பா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் சித்தப்பா தவறிப்போனார். பள்ளிப் பிள்ளைகளை மருத்துவாழ்மலைக்குக் கூட்டிப்போனவர், கயிறு கட்டிப் பாறை ஏறவும் கூடாரம் அடிக்கவும் சொல்லிக்கொடுத்தவர், கேரளத்து வர்க்கலாவில் சர்ஃபிங் (பலகையில் நின்று அலையேறுவது) கற்றுக்கொண்டு ஒரு பழைய பலகையோடு ஊருக்கு வந்து இறங்கியவர். முட்டத்தில் அவர் முதலில் அலை ஏறியபோது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் சிரித்தார்களாம். கட்டுமரத்தில் நின்றபடியே அலை தாண்டுகிறவர்களுக்கு இது என்ன பெரிய வித்தை! (நியாயம்தான்.)

பிள்ளைகளை அவர் உடனே பலகையில் ஏற்ற மாட்டார். முதல் நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது, தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடுவது அந்த வழியாகத்தான், மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் கரைக்கு இணையாக நீந்து என்பார். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்த பிறகு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் என்றால், இங்கே காற்றே இல்லாவிட்டாலும், எங்கோ தென்கடலில் அடித்த புயலின் அலை வந்து ஏறும்.

கடற்கரைப் பள்ளிகளிலாவது இதை ஒரு வகுப்பாக வைக்கக் கூடாதா? அவருடைய பலகை, கயிறுகள், லைஃப் ஜாக்கெட்டுகள் எல்லாம் எங்கள் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன, கேட்கிற பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு வாசகர்,
நாகர்கோவில்