மீனைக் கடைசியாக வாங்கு

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் பாதிதான் பதில் சொன்னேன். பையனின் பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வாங்கப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிவந்து அன்றைக்கே விட்டுவிடலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாகச் சொன்னாய். தொட்டியை அந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்குங்கள். மீனை மட்டும் தள்ளி வையுங்கள். எழுதினால் அவரும் நிதானமாகப் படிப்பார் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பார்கள். பல நேரம் கோளாறு மீனில் இல்லை, தண்ணீரில்தான். மீன் விடுகிற கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஆற்றில் அது ஓடிப்போகும். தொட்டியில் எங்கே போகும்? அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒருவகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை வேண்டும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியில் போடுகிற கல்லிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள்.

அதனால் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டுவாருங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கிற டெஸ்ட் கிட் கடையில் கிடைக்கும். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும். பையனையே சொட்டு விட்டுக் கலர் பார்க்கச் சொல், நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். அந்த வயசுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. மீன் இல்லாத தொட்டியா என்று முதல் நாள் முகம் வாடுவான், சரி. நேற்று வந்த மீன் இன்று செத்துக் கிடப்பதைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது, உன் வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று பார். கோயம்புத்தூரில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு சொல்வார்களே, மீனுக்கும் அதே கணக்குதான். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதாவது தாது உப்பு குறைவு. போர் தண்ணீர் கடினமானது, தாது உப்பு அதிகம். என்ன மீன் வாங்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். இங்கே எங்கள் போர் தண்ணீரில் கப்பி, மாலி, பிளாட்டி எல்லாம் குஷியாக இருக்கும், குட்டி போட்டுத் தள்ளும். நியான் டெட்ராவுக்கு அது ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு நல்ல தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்றால் டெட்ரா, செர்ரி பார்ப் பக்கம் போகலாம். போர் தண்ணீர்தான் என்றால் கப்பி வகையோடு நிறுத்திக்கொள். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே, அதுதானே சுத்தம் என்று அதை மட்டும் ஊற்றிவிடாதே. தாது உப்பே இல்லாத தண்ணீர் மீனுக்கு ஆகாது.

குழாயில் வருவது மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் கலந்திருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஊற்று. அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு இருக்கிறது, அளவை பாட்டிலில் பார்த்துக்கொள்.

தொட்டி குறைந்தது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருக்கட்டும். ஒரு கன அடிக்கு 28 லிட்டர், ஆக 56 லிட்டர். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்தால் 70 கிலோ வரும், டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிற சமாச்சாரம் இல்லை. இரும்பு ஸ்டாண்டாக வாங்கி, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாக்கோல் ஷீட் போடச் சொல். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம், பாசி பிடித்துத் தொல்லை. வாங்கிய அன்றே பால்கனியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுவிடு, கசிவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மூடி கட்டாயம் வேண்டும். குதிக்காத மீன் என்று எதுவும் இல்லை.

உருண்டைக் கண்ணாடி பவுல் மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம். அதில் ஃபில்டர் வைக்க இடமில்லை, தண்ணீரும் கொஞ்சம், ஒரே நாளில் கெட்டுவிடும். கோல்டு ஃபிஷ்ஷை அதில் வைத்து விற்பதைப் பார்க்கவே எனக்கு வயிறு எரியும். ஒரு சாண் வளரக்கூடிய மீன் அது.

இந்த அளவுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் பம்ப்பும் போதும். பெரிய மோட்டார் தேவையில்லை. கரண்ட் போனால் உதவ, பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வை. மார்கழியில் உங்கள் ஊர் இரவு குளிரும். இந்த மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும், அதனால் தெர்மோஸ்டாட் உள்ள 50 வாட் ஹீட்டர் ஒன்று. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும், தண்ணீர் இறங்கி வெளியே தெரிகிற சூடான ஹீட்டரில் மறுபடி தண்ணீர் பட்டால் அதன் கண்ணாடி வெடிக்கலாம். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் சுவிட்சுக்குள் போகாது. பையன் தனியாக அதில் கை வைக்கவே கூடாது.

அடியில் போட நீலம், சிவப்பு என்று சாயம் பூசிய கல் காட்டுவார்கள், வேண்டாம். சாதாரண ஆற்றுக் கூழாங்கல் எடு. ஒரு கல்லின் மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கிவிடும். நுரைக்காவிட்டால் கழுவிப் போடலாம்.

இனி மீன். இங்கே சென்னையில் கொளத்தூர் கடைகளுக்கு வந்து பார்த்தால் உனக்குத் தலை சுற்றும். வாசல் வரை ஆணியில் தொங்குகிற பாலிதீன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். இங்கிருந்துதான் ஆக்சிஜன் அடைத்த பைகளில், தெர்மாக்கோல் பெட்டியில் வெளியூர்களுக்கும் மீன் போகிறது. உங்கள் ஊர்க் கடையிலும் லோடு என்று வந்தது என்று முதலில் கேள். வந்த அன்றே வாங்காதே. பயணக் களைப்பில் இருக்கிற மீனில் எது தேறும், எது தேறாது என்று நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

தொட்டி முன்னால் நின்று ஐந்து நிமிஷம் சும்மா பார். முதுகுத் துடுப்பு விசிறியாய் விரிந்திருக்க வேண்டும். உடம்போடு ஒட்டி மடங்கியிருந்தால் மீனுக்கு உடம்பு சரியில்லை. துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது தொற்று நோய், அந்தத் தொட்டியில் எதையுமே வாங்காதே. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறதா, வயிறு ஒட்டிக் கிடக்கிறதா, மூலையில் ஒரு செத்த மீன் எடுக்கப்படாமல் கிடக்கிறதா, எல்லாம் பார். கொஞ்சம் தீனி போடச் சொல்லிக் கேள். நல்ல மீன் பாய்ந்து வரும். கேட்டதற்கு முகம் சுளிக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடு.

முதல் தவணையாக ஆறு செர்ரி பார்ப் போதும். இலங்கை ஓடைகளில் பிறந்த மீன், சாது, ஆணுக்கு நிறம் ஏறும்போது செக்கச்செவேல் என்று இருக்கும். அது ஒரு மாதம் நன்றாக இருந்தால் எட்டு நியான். அதோடு தொட்டி நிறைந்துவிட்டது. போர் தண்ணீர் என்றால் பிளாட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் எடு, ஆண் அதிகமானால் பெண் மீன்களை விரட்டியே கொன்றுவிடும்.

பையன் ஷார்க் வேண்டும் என்று அடம்பிடிப்பான், எனக்குத் தெரியும். கடையில் விரல் நீளத்தில் பளபளவென்று இருக்கும். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும் கெளுத்தி வகை. ஆஸ்கர் ஓர் அடி வளரும். பாசி தின்னும், தொட்டி சுத்தமாக இருக்கும் என்று சக்கர் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அதுவும் ஓர் அடியைத் தாண்டும். இடம் போதாமல் ஆனதும் பாவம் என்று குளத்தில் விடுகிறார்கள். அப்படி விட்ட சக்கர்தான் நம் ஏரிகளில் பெருகி நாட்டு மீனின் இடத்தைப் பிடித்து, மீன் பிடிப்பவர்களின் வலையையும் முள்ளால் கிழிக்கிறது. உங்கள் சிங்காநல்லூர் குளத்திலோ உக்கடத்திலோ ஒரு கப்பியைக்கூட விடக் கூடாது என்று அவனிடம் இப்போதே சொல்லி வை.

மிஸ் கேரளா என்று ஒன்றைக் காட்டினால் மாப்பிள்ளைக்கு ஆசை வரும். மூக்கிலிருந்து சிவப்புக் கோடு, அதன் கீழே கறுப்புக் கோடு, அவ்வளவு அழகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டுமே இருக்கிற மீன். 1865இல் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே அதை முதலில் விவரித்து, அப்போதைய சென்னை கவர்னர் டெனிசன் பெயரை வைத்தார். பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்து இன்று அழியும் அபாயத்தில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கூட்டமாக, ஓடுகிற தண்ணீரில் வாழ்வது. 2 அடித் தொட்டியில் அதை அடைப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையை அப்படியே தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்கவிடு. அப்புறம் பையின் வாயைத் திறந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடு. பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. அன்றைக்குத் தீனியும் வேண்டாம். மறுநாளிலிருந்து இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு, ஒரு வேளைக்கு அவ்வளவுதான்.

வாரம் ஒரு முறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மாதம் ஒருமுறை ஆள் வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவுவார்களே, அதற்கு இடம் கொடுக்காதே. ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து மறுபடி வைத்துவிடு.

இன்னொன்று. என் தொட்டியில் நோயில்லாமல் பல மாதமாக ஓடுகிற ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு, பிறந்தநாளுக்கு வரும்போது கோவை எக்ஸ்பிரஸில் கொண்டுவருகிறேன். காய்ந்துபோகாமல், காற்றும் விட்டு வைத்தால் அந்தப் பயணம் தாங்கும். உன் புது ஃபில்டர் பக்கத்திலேயே அதைப் போட்டால் காத்திருக்கிற நாள் பாதியாகக் குறையலாம். ஆனாலும் டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம் காட்டாமல் மீன் வாங்கக் கூடாது.

ஸ்டாண்ட் வைக்கப்போகிற இடத்தின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. குழாயில் எந்தத் தண்ணீர், வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்பதையும் கேட்டு எழுது. ஏர் பம்ப்பையும் ஹீட்டரையும் இங்கேயே பார்த்து வாங்கி எடுத்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா